தெரியாது என்று சொல்லத் தெரியாத கைப்பட்டை

வாங்கிய முதல் இரவிலேயே, நாடியையும் உறக்கத்தையும் அளக்கும் இந்தக் கைப்பட்டை பொய் சொன்னது. உறக்கம் வராமல், புரண்டால் வருவதும் கலைந்துவிடும் என்று கைகால்களை அசைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தேன். காலையில் செயலியைத் திறந்தபோது அந்த ஒரு மணி நேரத்தையும் 'இலேசான தூக்கம்' என்ற நீல வண்ணத்தில் அது வரைந்து வைத்திருந்தது. பொய் என்பது கடுமையான சொல்தான், அது அறிந்து சொன்னதில்லை. ஆனாலும் விழித்துக் கிடந்த என்னிடமே உறங்கினாய் என்று ஒரு கருவி சொன்னபோது, இது எதை உண்மையாகவே அறிகிறது, எதை ஊகித்துச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. குளிக்கும் நேரமும் மின்னேற்றும் நேரமும் நீங்கலாக ஐந்து மாதங்கள் அணிந்திருந்த பிறகு இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் மாதிரியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த வகை ஃபிட்னஸ் பேண்டுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒன்றைப் பற்றிய மதிப்பீடு மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி வீசும் சிறு விளக்குகளும், தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்கும் சென்சாரும், அருகில் சிவப்பு மற்றும் அகச்சிவப்பு விளக்குகளும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கையின் அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்றும், தோலின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்றும் உண்டு. ஒளி, அசைவு, வெப்பம் ஆகிய மூன்றை மட்டுமே இது நேரடியாக அறிகிறது. தூக்கத்தின் நிலைகள், மன அழுத்தம், எரிந்த கலோரி, உடல் தேறிய அளவு என்று செயலியின் முகப்பில் வண்ண வண்ணமாக விரியும் மற்ற அனைத்தும் இந்த மூன்றிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கப்பட்டவை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த நீண்ட சிறப்பம்சப் பட்டியலில் இந்த வேறுபாட்டைச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

நாடித்துடிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்யும் பகுதி அதுதான். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் சற்றே பெருகுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சக்கூடியது என்பதால், இரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைந்து, வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி கிடைத்துவிடும். ஒளியைக் கொண்டு தோலின் இரத்த ஓட்டத்தை அறியும் வழியை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார், ஆகவே இதில் மாயம் எதுவும் இல்லை. கழுத்தில் இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணியும், மார்பில் கட்டும் துடிப்புமானியோடு ஒப்பிட்டும் பார்த்தேன். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வேறுபாடு இரண்டு மூன்று துடிப்புகளைத் தாண்டவில்லை. ஓடும்போதும், எடை தூக்கும்போதும், குளிரில் கை சில்லிட்டிருக்கும்போதும் அது தடுமாறியது. குளிரில் உடல் தன் வெப்பத்தைக் காக்கத் தோலின் நாளங்களைச் சுருக்கிக்கொள்வதால், ஒளிக்கு எண்ணக் கிடைப்பதே குறைந்துவிடுகிறது. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே ஏற்றி, சற்று இறுக்கிக் கட்டினால் பாதிக் குறை தீர்ந்துவிடும். கையேட்டில் இது எங்கோ மூலையில் இருக்கிறது, முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மாலை விளையாட்டாக, சுருட்டிய துண்டு ஒன்றின் மேல் பட்டையைக் கட்டி மேசையில் வைத்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, துண்டின் நாடி நிமிடத்துக்கு 74 என்று அறிவித்தது. ஒளியில் ஏதோ ஒரு நடுக்கம் கிடைத்தால் போதும், அதற்குள் ஒரு தாளத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. 'இங்கே நாடி எதுவும் இல்லை' என்று சொல்லும்படி அதற்குக் கற்றுத்தரப்படவில்லை என்பதே இதன் பொருள், பிறகு பார்த்த குறைகள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

இருந்தாலும், கையில் எப்போதும் ஒரு நாடிமானி இருப்பது உடலைப் பற்றிய கேள்விகளைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றால் துடிப்பு ஏன் சட்டென்று தாவுகிறது? நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள் அந்தச் சரிவை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளைக்கு இரத்தம் குறையாதிருக்க இதயம் வேகம் கூட்டுகிறது. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டே திரையைப் பார்த்தால், இழுக்கும்போது எண் ஏறுவதும் விடும்போது இறங்குவதும் மங்கலாகத் தெரிகிறது. ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இல் பதிவு செய்த இயல்பு இது. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை என்பதை முதன்முதலில் என் கையிலேயே பார்த்தபோது சற்றுப் பயந்துதான் போனேன். ஒரு நாள் காலையில் ஓய்வுநிலைத் துடிப்பு வழக்கத்தைவிட எட்டு கூடுதலாக இருந்தது. மறுநாள் தொண்டை கரகரத்து, அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. என்ன நோய் என்று பட்டை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏதோ வழக்கம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் எனக்கு முன்பே அறிந்திருந்தது.

சீரற்ற துடிப்பைக் கண்டால் எச்சரிக்கும் வசதியும் உண்டு. இதைப் பற்றிப் பெரிய அளவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஆப்பிள் கைக்கடிகாரம் அணிந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர், அவர்களில் எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம். அவர்களில் பிறகு, இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஒட்டுப்பட்டையை மார்பில் அணிந்து திருப்பி அனுப்பியவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஊற்றறை நடுக்கம் என்னும் இதயக் கோளாறு அந்தப் பதிவில் தென்பட்டது. இந்தக் கோளாறு விட்டுவிட்டு வரக்கூடியது என்பதால், பதிவில் தென்படாதவர்களுக்கு எச்சரிக்கை தவறாக வந்தது என்றும் முடிவு கட்ட முடியாது. ஆக, எச்சரிக்கை வந்தால் மருத்துவரைப் பார்ப்பது முறை. வராததை நலச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது முறையாகாது. எனக்கு ஒருமுறையும் வரவில்லை, எனவே இந்த வசதியைப் பற்றி என் அனுபவத்திலிருந்து சொல்ல எதுவுமில்லை.

இனி தூக்கம். பெரும்பாலோர் இதை வாங்குவதே அதற்காகத்தான், என் ஏமாற்றத்தின் பெரும்பங்கும் அங்கேதான். தூக்கம் என்பது மூளையில் நடக்கும் ஒன்று. அதை முறையாக அளக்கும் ஆய்வகங்களில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளையும், கண்ணோரம் ஒட்டி விழியசைவையும், தாடையில் ஒட்டித் தசையின் இறுக்கத்தையும் இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். கனவுகள் செறிந்து வரும் உறக்கநிலையில் மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் விரைந்து அசைகின்றன என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளெய்ட்மனும் 1953இல் அறிவித்ததும் அத்தகைய பதிவுகளைப் பார்த்துத்தான். அசெரின்ஸ்கி தம் எட்டு வயது மகனையே படுக்க வைத்து இரவு இரவாகச் சோதித்தார் என்பது இந்தக் கண்டுபிடிப்பின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி. என் மணிக்கட்டிலோ விழியும் இல்லை, மூளையும் இல்லை. கை அசையாமல் இருக்கிறது, துடிப்பு தணிந்திருக்கிறது, அதன் ஏற்ற இறக்கம் இன்ன விதமாக இருக்கிறது, தோலின் வெப்பம் கூடியிருக்கிறது என்ற தடயங்களைக் கொண்டு, நான்கு சுவர்களுக்கு வெளியே நின்று அறைக்குள் நடப்பதைக் கணிப்பவரைப் போல அது கணிக்கிறது.

அந்தக் கணிப்பில் சில நன்றாகவே அமைகின்றன. எப்போது உறங்கினேன், எப்போது எழுந்தேன் என்பதை, உடனே உறங்கிவிட்ட நாட்களில், பத்துப் பதினைந்து நிமிடப் பிழைக்குள் சொல்லிவிட்டது. தோலின் வெப்ப வரைபடம் எனக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத்தந்தது. உறங்கப் போகும் நேரத்தில் உடலின் உள்வெப்பம் குறையத் தொடங்குகிறது, ஆனால் மணிக்கட்டின் வெப்பமோ ஏறுகிறது. முதலில் இதைக் கருவியின் பிழை என்றே நினைத்தேன். கைகால்களின் நாளங்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியே தள்ளுவதால்தான் தோல் சூடாகிறது என்பதையும், பாதங்களும் கைகளும் வெதுவெதுப்பாக உள்ளவர்களுக்கு உறக்கம் விரைவில் வருகிறது என்பதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் காட்டியிருப்பதையும் பிறகுதான் அறிந்தேன். பாதம் சில்லிட்டிருக்கும் இரவுகளில் எனக்குத் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது என்ற பல ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது. காலுறை அணிந்து படுத்த இரவுகளில் வரைபடத்தின் ஏற்றம் சற்று முன்னதாகவே வருவது போலத் தோன்றுகிறது, எனினும் தோன்ற வேண்டும் என்று விரும்பிப் பார்ப்பவரின் கண்ணை முழுமையாக நம்ப வேண்டாம்.

நிலைகளைப் பிரிப்பதில்தான் சிக்கல். ஓர் இரவில் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகள் நான்கோ ஐந்தோ வரும் என்பதும், ஆழ்ந்த தூக்கம் முற்பகுதியிலும் கனவுத் தூக்கம் விடியலை ஒட்டியும் செறிந்திருக்கும் என்பதும் பாடநூல் அறிவு. பட்டை வரையும் படமும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, அதுவே எனக்கு ஐயத்தை உண்டாக்கியது. என் உறக்கத்தைப் பார்த்து வரைகிறதா, எல்லோருடைய உறக்கமும் பொதுவாக இருக்கும் விதத்தை நினைவில் வைத்து என் இரவின் மேல் ஒட்டுகிறதா? நண்பரிடம் இருந்த வேறொரு நிறுவனத்தின் பட்டையை வாங்கி மறு கையில் கட்டிக்கொண்டு மூன்று இரவுகள் படுத்தேன். உறங்கிய மொத்த நேரத்தில் இரண்டும் ஒத்துப்போயின. ஆழ்ந்த தூக்கம் ஒன்றுக்கு ஒரு மணி 50 நிமிடம், மற்றொன்றுக்கு 55 நிமிடம். ஒரே தலை, ஒரே தலையணை, ஒரே இரவு. எது சரி என்று சொல்ல மின்முனைகள் வேண்டும், என்னிடம் இல்லை. ஆனால் இரண்டும் சரியாக இருக்க முடியாது என்பதைச் சொல்ல எதுவும் வேண்டியதில்லை. விழித்திருந்து அசையாமல் கிடப்பதைத் தூக்கமாக எண்ணிவிடுவது இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள பொதுவான குறை. உறக்கமின்மையால் துன்பப்படுபவர்கள் செய்வதோ பெரும்பாலும் அப்படி அசையாமல் கிடப்பதைத்தான், ஆகவே இந்த அளவு யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களுக்கே இது அதிகம் தவறுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது காலையில் வரும் 'தூக்க மதிப்பெண்'. நன்றாகத் தூங்கியதாக உணர்ந்து எழுந்த ஒரு நாளில் 100க்கு 58 என்று காட்டியது, அதைப் படித்த கணத்திலிருந்து எனக்கு அசதி தொடங்கியது. மனம் இப்படி ஏமாறுமா என்று தேடியபோது, 2014இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. பங்கேற்றவர்களிடம் அவர்கள் உறக்கத்தின் தரத்தை அளந்ததாகப் பொய்யாகச் சொல்லி, சிலரிடம் நன்றாக உறங்கினீர்கள் என்றும் சிலரிடம் சரியாக உறங்கவில்லை என்றும் கூறியிருக்கிறார்கள். உண்மையில் எப்படி உறங்கினார்கள் என்பதையும் மீறி, நன்றாக உறங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். மதிப்பெண்ணைத் துரத்துவதே உறக்கத்தைக் கெடுக்கும் நிலைக்கு ஆய்வாளர்கள் 2017இல் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எண்ணுக்கு அருகில் 'இது ஒரு கணிப்பு, இவ்வளவு பிழை இருக்கலாம்' என்று ஒரு சிறிய வரி போட்டிருந்தால் என் அந்த நாள் தப்பியிருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து மதிப்பெண் அறிவிப்பை அணைத்துவிட்டேன். அணைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அமைப்புப் பக்கங்களில் நான்கு அடுக்குகள் இறங்க வேண்டியிருந்தது.

'மன அழுத்தம்' என்ற அளவும் இதே இனம். துடிப்புகளுக்கு இடையிலுள்ள கால வேறுபாட்டைக் கொண்டு, தானியங்கு நரம்பு மண்டலம் கிளர்ச்சிப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, ஓய்வுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று அது பார்க்கிறது. அந்தக் கிளர்ச்சி அச்சத்தாலும் வரும், மகிழ்ச்சியாலும் வரும், மாடிப்படி ஏறினாலும் வரும் என்பதைப் பிரித்தறிய அதற்கு வழியில்லை. நெடுநாள் கழித்துச் சந்தித்த நண்பர்களோடு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், 'உங்கள் மன அழுத்தம் மிக அதிகமாக உள்ளது, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்' என்று மணிக்கட்டில் அதிர்ந்து சொன்னது. நால்வரிடமும் காட்டியபோது சிரிப்பு இன்னும் கூடி, எண்ணும் கூடியது. மாறாக, ஒரு துயரச் செய்தி கேட்டு அசைவற்று உட்கார்ந்திருந்த பிற்பகலை முழு ஓய்வு என்று பச்சை வண்ணத்தில் பதிந்திருக்கிறது.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை வீசி நடந்தால் சரியாக எண்ணுகிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாதியை விட்டுவிடுகிறது, உட்கார்ந்து கைதட்டினால் நடந்ததாகச் சேர்த்துக்கொள்கிறது. முன்னமைவாக வைத்திருக்கும் 10,000 காலடி என்ற இலக்கு எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் வந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற நடைமானியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்றுதான் பொருள். வயது முதிர்ந்த பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு வீதம் குறைந்திருந்தது, ஏறக்குறைய 7,500க்கு மேல் அந்தப் பயன் கூடாமல் நின்றுவிட்டது. இலக்கை மாற்றிக்கொள்ள முடிவது நல்லது. கலோரி எண்ணை நான் பார்ப்பதே இல்லை. ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை துடிப்பைச் சரியாக அளந்தன, ஆற்றல் செலவிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

இரத்த ஆக்சிஜன் அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் சிவப்பையும் அகச்சிவப்பையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன என்ற இயல்பின் மேல், ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் உருவாக்கிய முறை இது. விரல் நுனியில் மாட்டும் மருத்துவக் கருவியில் ஒளி விரலை ஊடுருவி மறுபக்கம் செல்கிறது. மணிக்கட்டிலோ பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியை மட்டும் நம்ப வேண்டும். போதாக்குறைக்கு, தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது. மருத்துவமனைகளில் பயன்படும் விரல் கருவிகளே கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை, வெள்ளையரோடு ஒப்பிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. என் நிறம் மாநிறத்துக்கும் சற்று ஆழமானது. நலமாக இருக்கும் என்னிடம் ஒரே நிமிட இடைவெளியில் 97 என்றும் 90 என்றும் காட்டிய எண்ணை, மூச்சுத் திணறும் வேளையில் எவரும் நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

மற்றவை சில. மின்கலம் ஆறு நாள் தாங்குகிறது, ஏழு என்று விளம்பரம். ரப்பர் வாரின் அடியில் வியர்வையும் கை கழுவும் சோப்பும் தங்கி மூன்றாம் வாரம் தோல் சிவந்து அரித்தது. இரவில் கழுவித் துடைத்து, வாரம் ஒருமுறை கை மாற்றிக் கட்டிய பிறகு நின்றது. திரை வெயிலில் தெரிகிறது. தனியுரிமை உடன்பாட்டைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது, நாடியும் உறக்கமும் யாரிடம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதற்கு அதிலிருந்து தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. தரவை முழுவதுமாக நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பது மட்டும் பாராட்டத்தக்கது.

உடலை எண்ணிப் பார்க்கும் ஆசை இந்தக் காலத்து நோய் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, நானூறு ஆண்டுகளுக்கு முன், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் பருகியதையும் கழித்ததையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எடை போட்டார். உட்சென்ற எடைக்கும் வெளிவந்த எடைக்கும் இடையே பெரிய பற்றாக்குறை இருப்பதைக் கண்டு, மீதி கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஆவியாகிறது என்று முடிவு செய்தார். அவருடைய தராசு எடையை மட்டும் சொன்னது, காரணத்தை அவரே யோசிக்க வேண்டியிருந்தது. என் பட்டை யோசிக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டு, யோசித்ததற்கும் அளந்ததற்கும் ஒரே எழுத்துரு, ஒரே வண்ணம் கொடுத்துவிடுகிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். நாடிக்காகவும் வெப்ப வரைபடத்துக்காகவும் வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். உறக்கம் வராமல் தவிப்பவர்களும், ஏற்கெனவே உடல்நலக் கவலை மிகுந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

நான் இப்போது ஓய்வுநிலைத் துடிப்பையும் வெப்பத்தையும் மட்டும் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். தூக்க மதிப்பெண், மன அழுத்தம், கலோரி ஆகிய மூன்றும் அணைந்திருக்கின்றன. சென்ற வாரம் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் 'உடலின் வயது' என்று புதிய எண் ஒன்று சேர்ந்திருக்கிறது. எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்ற விளக்கம் எங்கும் இல்லை. என் வயதைவிட நான்கு ஆண்டு குறைத்துக் காட்டுகிறது. அதை மட்டும் இன்னும் அணைக்கவில்லை.